மணல் தட்டில் ஃபினாயில்

ஒரு பூனையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று இந்த வயதில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை என் மனைவி மேலே தூக்கி வந்தாள். மகள் வெளிநாடு போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். மாலைக் காபியோடு அவள் என்னிடம் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பூனைக்குப் போய்விட்டது. நான் வாயைத் திறந்தால், மடியைக் காட்டி, "மெதுவாப் பேசுங்க, தூங்குது" என்பாள். என் தூக்கத்துக்காக அவள் ஒருநாளும் மிக்ஸியை நிறுத்தியதில்லை.

அது மலஜலம் கழிக்கக் குளியலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு நிறைய மணல் வைத்திருந்தோம். அவளுக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. தட்டைக் கழுவும் வேலை எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் ஃபினாயில் வாசனை வந்தால்தான் கழுவியதாக அர்த்தம். தட்டிலும் ஊற்றித் தேய்த்தேன். பூனை வந்து முகர்ந்தது, பின்வாங்கியது, நேராகப் போய் எங்கள் மெத்தையில் சிறுநீர் கழித்தது. காரணம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினேன்.

அவள் விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து ஓய்ந்துபோனாள். ஆனாலும் பூனையைத் திட்டவில்லை. நோயாக இருக்குமோ என்று பயந்து அடையாறில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். சிறுநீரில் கோளாறு எதுவும் இல்லை என்ற டாக்டர், தட்டை எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்று கேட்டார்.

"இவர்தான் கழுவறார். தினமும் பளபளன்னு வச்சிடுவார்" என்றாள், பெருமையாக.

"வெறும் தண்ணிதான்" என்றேன்.

கடைசியில் மெத்தையையே தூக்கிப்போட வேண்டியதாயிற்று. வேறு வழி தெரியாமல், கே.கே. நகரில் இருக்கும் தன் தங்கையிடம் பூனையைக் கொடுத்தாள். இனி அவள் என் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தேன். சில நாளில் தங்கை போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு என் மனைவி என்னிடம் வந்தாள்.

"அங்க போன அன்னைக்கே ஒழுங்கா தட்டுல போச்சாம். என்னைத்தான் அதுக்குப் பிடிக்கலை."

அதன்பின் தினமும் இதே பேச்சு. அதட்டினேனா, பால் சூடாக வைத்தேனா என்று தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். கேட்கப் பொறுக்காமல் ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. டாக்டர் கேட்டபோதுகூடச் சொல்லவில்லையே என்று மட்டும் கேட்டாள். பூனையைத் திரும்பக் கூட்டி வரலாம் என்றேன்.

"நீங்க இருக்கற வீட்டுக்கா?" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோ பிடித்து அவள் மட்டும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். நானும் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அங்கே அது அவள் மடியில் ஏறிப் படுத்திருக்கும் என்று நினைக்கும்போது, இவ்வளவு நடந்த பிறகும், எனக்கு வயிறு எரிகிறது.