நாற்பதில் நின்ற முள்

பள்ளிக்கூட பஸ் எண்பதில் பறக்கக்கூடிய வண்டிதான். நாற்பதைத் தாண்டவிடாமல் டீசலை மடக்குவது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு ஒயரை உருவிவிட்டால் போதும், பெட்டி செத்துப்போகும். கீழ்வேளூர் பக்கம் முக்கால்வாசி டிரைவர்கள் உருவிவிட்டுத்தான் ஓட்டினார்கள். வீரையன் மாட்டேன் என்றவன்.

பள்ளித் தாளாளர் பஞ்சநதம் சும்மா விடுவாரா? அவர் அப்பா மிராசுதார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது வயலையெல்லாம் அறக்கட்டளை பெயரில் எழுதி மறைத்தவர். அதில் ஒரு துண்டில் மகன் பள்ளிக்கூடம் கட்டினார். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அதே வயலில் கொடி பிடித்து அடி வாங்கியவர் வீரையனின் அப்பா. "அவன் மகனுக்கே வேலை போட்டுக் குடுத்திருக்கேன்" என்று பஞ்சநதம் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். என்ன பெரிய மனசு!

"வீரையா, காலையில ரெண்டு நடை அடிக்கணும். அந்த ஒயரை எடுத்துடு."

"வாய்க்கா ரோடு சார். அறுபது புள்ளைங்க. நான் எடுக்க மாட்டேங்க."

"அப்ப வேற ஆளை வச்சு எடுத்துக்கறேன்."

சொன்னால் செய்கிற ஆள். அன்று சாயங்காலமே வீரையன் எம்சீல் வாங்கிப் பிசைந்து, பெட்டி, ஒயர், அது போகிற வழி எல்லாவற்றையும் அப்பி மெழுகிவிட்டான். மறுநாள் அது கல்லாய் இறுகிக் கிடந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்து மெச்சியதால், பஞ்சநதம் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அப்படியே விட்டுவைத்தார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். வீரையனின் மனைவி வேம்பு அறக்கட்டளை வயலில் நடவுக்குப் போயிருந்தாள். வரப்பில் நல்ல பாம்பு காலில் கொத்திவிட்டது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். கூட நட்ட பொன்னுத்தாய் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து சொன்னாள். வீரையன் யாரையும் கேட்காமல் காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் இருவரையும் ஏற்றினான்.

பெரிய ஆஸ்பத்திரி இருபத்தெட்டு கிலோமீட்டர். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தான். முள் நாற்பதில் நின்றது. நெல் மூட்டை ஏற்றிய லாரி அவனைத் தாண்டிப் போனது. கட்சிக் கொடி கட்டிய ஒரு காரை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டிக் கத்தினான். பாவிகள், ஆரனை அழுத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

"கண்ணு சொருகுதுண்ணே, வேகமாப் போங்க" என்றாள் பொன்னுத்தாய்.

ஓரங்கட்டினான். ஸ்பேனரால் கொத்தினான், நகத்தால் பிறாண்டினான். கட்டைவிரல் நகம்தான் பெயர்ந்து வந்தது. அவன் கையால் அப்பிய எம்சீல் துளி பெயரவில்லை. அதில் ஐந்து நிமிஷம் போனது.

"விடுங்க, ஓட்டுங்க" என்றாள் வேம்பு. அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

"பத்து நிமிஷம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்ப்பா" என்றார் டாக்டர். அறுபதில் போயிருந்தால் பதினாலு நிமிஷம் மிச்சம். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு இது தெரியாதா?

மாசியில் ஆண்டு விழா. பஞ்சநதம் வீரையனை மேடைக்குக் கூப்பிட்டார். பஸ்ஸின் ஜிபிஎஸ் பதிவைக் கையில் பிடித்துக்கொண்டு மைக்கில் படித்தார்.

"வருஷம் முழுக்க ஒரு நாள்கூட, எந்த அவசரத்திலும்கூட, நாற்பதைத் தாண்டாத ஓட்டுநர்!"

கவுன்சிலர் பொன்னாடை போர்த்தினார். அவன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"சிரிப்பா, போட்டோ எடுக்கறாங்க" என்று பஞ்சநதம் அவன் காதில் சொன்னார்.

பாதி முளைத்த நகத்தைப் பொன்னாடைக்குள் இழுத்துக்கொண்டு வீரையன் சிரித்தான்.