கல்லாற்றிலிருந்து வந்த எண்

இது நடந்ததுதான். சிரிக்கிறவர்கள் கரமனை அக்ரகாரத்துக்குப் போய், திவ்யலட்சுமியின் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு வரட்டும், பார்ப்போம்.

திவ்யாவுக்கு டேட்டா சயின்டிஸ்ட் வேலை. பெரிய பதவியும் இல்லை, கத்துக்குட்டியும் இல்லை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் இடிபடுகிற ரகம். ஆறுகளில் சென்சார் வைத்து, வெள்ளம் வருமா என்று முன்கூட்டிச் சொல்கிற சின்னக் கம்பெனி. டீமில் மொத்தமே நாலு பேர். செவ்வாயும் வியாழனும் ஆபீஸ், மற்ற நாள் அவரவர் வீடு. மீட்டிங்கில் ஒருவரும் கேமரா போட மாட்டார்கள். பெயர் எழுதிய வட்டங்கள்தான் பேசிக்கொள்ளும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சென்சார் அனுப்பும் நீர்மட்டம் ஒரேயடியாக எகிறினால், கோளாறு என்று அந்த எண்ணை அழித்துவிடுவார்கள். அந்த விதியை எழுதியவளே திவ்யாதான். கல்லாற்றுச் சென்சார் ஒரு வாரமாக அப்படித்தான் உளறியது. "அதைக் கழட்டி எடுத்துண்டு வந்துடு ஷிபின்" என்று செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டாள். சென்சார் மாட்டுவதும் கழற்றுவதும் ஷிபின் வேலை. பாறசாலைக்காரன். திவ்யாவைவிட ஒரு வயது மூத்தவன், ஆனாலும் வாய் நிறைய அக்கா என்பான்.

மறுநாள் கரமனையில் கரண்ட் இல்லை. திவ்யா தனியாக ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தாள். மகள் மீனுவுக்கு ஸ்கூல் லீவு. அப்பாவும் மகளும் கல்லாற்றில் குளிக்கப் போயிருந்தார்கள். அங்கே டவர் கிடைக்காது; சென்சார்கூட சாட்டிலைட் வழியாகத்தான் எண்ணை அனுப்பும். அவள் கணவன் ஜெயகுமார் ஒரு டீக்கடை போனிலிருந்துதான் கூப்பிட்டான். "நல்ல வெயில். மீனு இப்பவே தண்ணில இறங்கணுங்கறா."

பதினொன்றரைக்கு மீட்டிங். ஆர்ஷா, அஜீஷ், திவ்யா. ஷிபினின் வட்டமும் இருந்தது.

கல்லாற்று எண் சட்டென்று எகிறியது. அழித்தாள்.

மறுபடி வந்தது. சனியனே! அழித்தாள்.

ஸ்ஸ்ஸ்... ஹெட்போனில் தண்ணீர்ச் சத்தம்.

"யாரு பைப்பைத் திறந்து போட்டிருக்கது?" என்றாள் டீம் லீட் ஆர்ஷா. எல்லோரும் மைக்கை அணைத்தார்கள்.

சத்தம் நிற்கவில்லை...

மூன்றாம் முறை அதே எண். விரலை நீட்டினாள்.

"அக்கா... அழிக்காண்டாம்."

ஷிபின் குரல். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறாற்போல.

"ஷிபின், எங்கே இருக்கே?"

"பிள்ளைய கரை ஏத்துங்க அக்கா..."

மீனு கல்லாற்றுக்குப் போனதை ஆபீசில் ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை.

உடனே டீக்கடை நம்பரை அழுத்தினாள்.

"சேட்டா, என் குழந்தை ஆத்துல இருக்கா! மேல ஏறச் சொல்லுங்கோ!"

"இங்க நல்ல வெயிலாக்கும் மோளே..." என்றார் டீக்கடைக்காரர்.

"ஓடுங்கோ!"

ஓடினார், புண்ணியவான். ஜெயகுமார் மீனுவைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறிய மறுநிமிடம், செம்மண் நிறத்தில் வெள்ளம் பாய்ந்தது. மேலே பொன்முடி மலையில் மழையாம். மீனுவின் செருப்பு போயிற்று. பிள்ளை பிழைத்தது.

சாயங்காலம், நன்றி சொல்ல ஷிபினைக் கூப்பிட்டாள். எடுத்தது ஸ்டேஷனில் இருந்த ஒரு போலீஸ்காரர். கல்லாற்றோரம் நின்ற பைக்கில் அந்த போன் கிடந்ததாம்.

ஷிபின் பாறையில் வழுக்கி ஆற்றில் விழுந்திருந்தான். உடல் கீழே ஒதுங்கியிருந்தது. உயிர் போனது காலை எட்டு மணிவாக்கில் என்றார் டாக்டர். மீட்டிங்கில் ஆர்ஷாவும் அஜீஷும் கேட்டது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். குரல் கேட்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள்.

கழற்றி எடுத்து வா என்றவள் அவள்தானே... அந்த அழிக்கிற விதியை அன்றைக்கே நீக்கினாள். அழுகை மட்டும் நிற்கவில்லை.

ஷிபினின் முதுகில் பை இருந்தது. கல்லாற்றுச் சென்சார் அதற்குள் இருந்தது.

பேட்டரி தனியாக, ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தது.