மூன்றாவது ஈட்டி

வந்தவர் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் சிப்பாய் வீடியோ கேசட்டை டெக்குக்குள் தள்ளியிருப்பார். அரண்மனை வாசல் காட்சி வந்ததும் ஒரே அமுக்கு. படம் நடுங்கிக்கொண்டு நிற்கும்.

"வரிசையில மூணாவது ஆளு. யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

வந்தவர் கண்ணைச் சுருக்குவார். ஈட்டி தெரியும், கவசம் தெரியும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பலை அள்ளிப் பூசியதுபோல் என்னவோ இருக்கும். "நீங்களா?" என்பார், மரியாதைக்கு.

"பின்ன?"

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுவதுதான் அவர் தொழில். ஆனால் தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சிப்பாய் கடை என்றுதான் வழி சொல்லும். கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தவறக்கூடாது என்று வாயே திறக்கமாட்டார். யாராவது அந்தப் பழைய படத்தின் பேச்சை எடுத்துவிட்டால் போதும், எண்ணிக்கை காற்றில் போய்விடும். கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, சுற்றியதைப் பிரித்து முதலிலிருந்து சுற்றுவார். வேலை கொடுத்தவன் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

அதே இடத்தில் நிறுத்தி நிறுத்தி, நாடா அங்கே மட்டும் தேய்ந்துவிட்டது. காட்டக் காட்ட முகம் இன்னும் மங்கியது. அதில் சிப்பாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஏனென்றால் அது அவர் முகமே இல்லை. வாலிபத்தில், படப்பிடிப்பில் கூட்டமாக நிற்க ஆள் பிடிக்க வந்த வேனில் ஏறிப் போனது உண்மை. தலைக்கவசம் அவர் தலையில் இறங்கவில்லை. "இந்தத் தலைக்கு அண்டாவைத்தான் கவுக்கணும்" என்று எவனோ சொல்ல, மொத்தக் கூட்டமும் சிரித்தது. கவசத்தைப் பிடுங்கிப் பக்கத்திலிருந்தவனுக்கு மாட்டினார்கள். இவர் மதியச் சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு நடந்தே வீடு திரும்பினார். பிறகொரு நாள் ஒரு பெண், "நீங்க அந்தப் படத்துல வர்றீங்களாமே?" என்று கண்ணை விரித்துக் கேட்டாள். "ஆமா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளைத்தான் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் எந்த வாயால் இல்லை என்பது?

போன மாதம் மருமகன் அதே படத்தின் புது டிஸ்க் ஒன்றோடு வந்தார். "ஒவ்வொரு ஃபிரேமா சுத்தம் பண்ணியிருக்காங்க மாமா. கீறல் கிடையாது, தூசி கிடையாது. மூஞ்சில மரு இருந்தாக்கூட எண்ணலாம்."

சிப்பாய்க்குக் காது சுட்டது. "பழைய படத்துக்கு அந்த மங்கல்தான் மாப்பிள்ளை அழகு. துடைச்சுட்டா உயிர் போயிடும்." அடுத்த வாரம், "வோல்டேஜ் சரியில்லை, டிவி போயிடும்" என்றார். ஊர் மோட்டாருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் வீட்டில் வோல்டேஜ் சரியில்லையாம். அதற்கடுத்த வாரம் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

திரையில் அரண்மனை வாசல் பட்டப்பகல்போல் வந்தது. கல்லின் வெடிப்பு தெரிந்தது, ஒட்டு மீசையின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. மூன்றாவது ஆளுக்குக் கத்திபோல் மூக்கு. சிப்பாய்க்கோ பிறந்ததிலிருந்தே சப்பை.

மருமகன் படத்தை நிறுத்தினார். திரையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணணும் மாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

திட்டியிருந்தாலாவது தேவலை. சிப்பாய் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு வந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த முகத்தை நன்றாகவே பார்த்தாள். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"உங்க மாமாவைத் தெரியலையா மாப்பிள்ளை? இதோ, இவருதான். அப்ப கொஞ்சம் இளைச்சிருந்தாரு."

கையை எடுக்கவில்லை.

"ஓட்டுங்க. எவ்வளவு நேரம்தான் நின்னுக்கிட்டே காவல் காப்பாரு?"

படம் ஓடியது. சிப்பாய்கள் நடக்கத் தொடங்கினார்கள். அவள் கையும் மூன்றாவது முகத்தை மூடியபடி கூடவே நகர்ந்து, அவன் திரையின் ஓரத்தைத் தாண்டும் வரைக்கும் போனது.