வேலிப்பக்கத்துச் சங்குப்பூ

காலையில் பின்கதவுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் நான் உடனே விழித்துக்கொள்கிறேன். மனைவி பூப்பறிக்கப் போகிறாள் என்று அர்த்தம். செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து பின்னாலேயே போகிறேன். சட்டைப் பையில் டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசி இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். "என்னங்க, ஜாகா வேலையா?" என்று கேலி செய்கிறாள். காவல்காரனைப் போலத்தான் நிற்கிறேன். சிரிப்பு மட்டும் வருவதில்லை.

குனோங் ராபாட் குடியிருப்பில் எங்களுடையது வரிசையின் கடைசி வீடு. அதனால் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் கூடுதல். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி எல்லாம் அவள் வைத்தது, சாமிக்கு. அவளிடம் ஒரு சட்டம் உண்டு: தேனீ வாய்வைத்த பூ எச்சில், சாமி படத்துக்கு ஆகாது. ஆகவே விடிவதற்கு முன்பே கைப்பேசி வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பறித்து முடித்துவிட்டு, பள்ளிக்கூடக் கேண்டீன் வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

எனக்கோ தேனீ வேண்டும். நான் போட்டோஸ்டாட் மெஷின் பழுதுபார்க்கிறவன். கை நுழையாத இண்டில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் எடுத்தே பழகிய பொறுமை. அதோடு ஒரு பழைய கேமராவும் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸும் சேர்ந்தபோது, பறக்கிற தேனீயைப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. பூவில் உட்கார்ந்த தேனீயை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எனக்குப் பறக்கும்போது வேண்டும், இறக்கை தெரிய, கால் தொங்க. துரத்தினால் கிடைக்காது. ஒரு பூவைத் தேர்ந்து, அதற்கு விரற்கடை முன்னால் ஃபோகஸை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உட்காருமுன் தேனீ ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அப்போது அழுத்த வேண்டும். மூன்று வருடம் அழுத்தியும் கிடைத்ததெல்லாம் மங்கல்தான்.

பூவே இல்லாத தோட்டத்துக்குத் தேனீ எதற்கு வரும்? ஒரு வாரம் இருவரும் முறைத்துக்கொண்டோம். கடைசியில் வேலிப்பக்கத்துச் சங்குப்பூ எனக்கு, மற்றதெல்லாம் சாமிக்கு என்று பாகம் பிரித்தோம். அதற்குப் பிறகும் என் வாய் ஓயவில்லை. லீவு நாளில் துணி காயப்போட வந்தவள் கொடியை லேசாக உரசினால் போதும், "ஆட்டாதே! எத்தனை தடவை சொல்றது, ஆட்டாதே!" என்று கத்துவேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான். என்னைப் பார்த்தாலே "ஆட்டாதே லா" என்று கிண்டலடிப்பார்.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல்நாள் பெய்த மழையில் அவளுடைய பூவெல்லாம் கொட்டிப் போயிருந்தது. அசந்து தூங்கிவிட்டு அவள் எழுந்து வந்தபோது வெயில் ஊரோரச் சுண்ணாம்புக்கல் மலையைத் தாண்டிவிட்டது. நான் வேலைக்குக் கிளம்புமுன் கொடிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டே ரெண்டு சங்குப்பூ எடுத்துக்கிறேங்க. இன்னும் தேனீ வரல, பாருங்க."

என் கண் கேமராவில் இருந்தது. லென்ஸுக்குள் நீலப்பூ. அதன் பின்னால் அவள் விரல்கள் வந்து காம்பைப் பிடித்தன. அதே நேரம் ஒரு தேனீ இடப்பக்கமிருந்து வந்து, நான் ஃபோகஸ் வைத்த இடத்திலேயே நின்றது. நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். 'கையை எடு' என்று சொல்ல நேரம் இருந்தது. நான் கேமராவை அழுத்தினேன்.

தேனீ அவள் விரலுக்கும் இதழுக்கும் நடுவில் இறங்கியது. "ஸ்" என்றாள், அவ்வளவுதான். ஒரு கொட்டுக்கு யார் பயப்படுவார்கள்? நாங்கள் இருவருமே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். எந்தப் பூச்சி கொட்டினாலும் சுண்ணாம்பு, அதோடு சரி. சாமி மேடையில் வெற்றிலையோடு இருந்த சுண்ணாம்பை எடுத்துத் தடவிவிட்டு, காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. உதடு தடித்திருந்தது. கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது.

"தொண்டைய அடைக்குதுங்க."

கார் ஓட்டியது பாதிதான் நினைவிருக்கிறது. சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு யாருக்கென்று தெரியாமல் ஹாரன் அடித்தேன். அவள் மூச்சு விசில் மாதிரி வந்தது. "பேசு, ஏதாவது பேசு" என்றேன். தலையை அசைத்தாள். அடுத்த விளக்கில் கேட்டபோது அசைக்கவில்லை.

ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். இளவயது மலாய் டாக்டர், அவள் விரலில் காய்ந்திருந்த சுண்ணாம்பைத் துடைத்தபடி, "லைன் காலி ஜாஙான் துங்கு, பாச்சிக்" என்றார். அடுத்த முறை காத்திருக்காதீர்கள், மாமா என்று அர்த்தம். இன்னொரு கொட்டு இதைவிட மோசமாகலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னது சுண்ணாம்பு தடவிக் கடத்திய நேரத்தை. எனக்குக் கேட்டது வேறு.

அன்று மாலை படத்தைப் பார்த்தேன். இறக்கையின் நரம்புகூடத் தெரிந்தது. பின்னால் மங்கலாக அவள் விரல்கள். அழிக்க மனம் வரவில்லை. அதற்காகவே என்னை நான் வெறுத்தேன். "அன்னிக்கு ஏதாச்சும் கெடச்சுதா?" என்று அவள் கேட்டபோது இல்லை என்றேன். கேமராவை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். சங்குப்பூக் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். அவள் மட்டும் பூப்பறிப்பதை நிறுத்தவில்லை.

போன வாரம் கோயிலுக்குப் போகப் புடவை எடுத்தவள் கையில் கேமரா அகப்பட்டது. நான் அறைக்குள் நுழைந்தபோது கட்டிலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ நல்லா வந்திருக்கு. இல்லன்னு சொன்னீங்க?"

"தேனீ வந்தத நான் பார்த்தேன். பார்த்துட்டும் சொல்லல" என்றேன்.

"நானுந்தான் பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் கைய எடுக்கல?" என் குரல் உயர்ந்துவிட்டது.

அவள் கேமராவை என்னிடம் நீட்டினாள்.

"எடுத்தா கொடி ஆடும். நீங்க கத்துவீங்க."