சட்டைப் பட்டனோடு ஒரு வீடியோ கால்

இன்று எங்கள் மைன்ஸ் ஆபீசில் மேனேஜர் ஞானப்பிரகாசம் சார் மேஜைக்கு வீடியோ போன் வந்தது.

பொருத்த வந்தவர் பெருமையாக அடுக்கினார். ஏழு இஞ்ச் கலர் திரை, ஸ்பீக்கர், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசலாம். சார் அசையவில்லை. "கேமராவுக்கு மூடி இருக்குங்க" என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் காலே ஜெனரல் மேனேஜர். திரையில் அவர் முகத்தைக் கண்டதும் சார் படக்கென்று எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கங்க போயிட்டீங்க? வெறும் சட்டைப் பட்டன்தான் தெரியுது."

"இங்கதான் சார் நின்னுக்கினு இருக்கேன்."

"உக்காருங்க."

"பரவால்லைங்க சார்."

போன்காரர் கெஞ்சினார்: "உக்காந்தாதான் சார் முகம் தெரியும்."

சார் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சீறினார்: "அவரு எதிர்ல எப்பிடிய்யா உக்கார்றது?"

கடைசிவரை ஜி.எம். பட்டனோடுதான் பேசினார்.

சாயங்காலம் போனை ஃபைல் ரேக்கின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டோம். நின்றால் சார் முகம் பளிச்சென்று தெரிகிறது. ஏழு இஞ்சும் வீண்போகவில்லை.

நாளை சார் லீவு. ஜி.எம். கூப்பிட்டால் நான்தான் பேச வேண்டும். என் உயரத்துக்கு அவர் பார்க்கப்போவது என் தலை வகிட்டை மட்டும்தான்.

ஸ்டூல் மேல் ஏறி நின்றால் அது மரியாதையா, திமிரா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.