சிஸ்டரின் படகுக்கு ஒரு ஸ்பீடு கன்ட்ரோலர்

அம்மாவின் இழுவைப்படகு என் மேசைமேல் இருக்கிறது. முழங்கை நீள மாதிரிப் படகு. உடல் சிவப்பு, புகைபோக்கி கறுப்பு. சாயம் அவளே அடித்தது. முனையில் பெயர்ந்திருப்பது என் வேலை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் நர்ஸ் அவள். நரம்பு கிடைக்காத கை வந்தால், "சிஸ்டரைக் கூப்பிடு" என்பார்கள். கட்டைவிரலால் ஒருமுறை தடவுவாள். ஊசி இறங்கிய பிறகு, "குத்துனது தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். பெரும்பாலும் தெரிந்திருக்காது. ஒருநாள் ஊசியின் நுனி லேசாக ஆடியது. நோயாளி கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். பக்கத்து மேசைக்காரியிடம் அந்தக் கையை ஒப்படைத்துவிட்டு வேலையை விட்டாள். கை நடுக்கத்தை மாத்திரையில் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். "மாத்திரை கைவிடுற நேரத்துல என் முன்னால யாரு உக்காந்திருப்பாங்களோ" என்றாள்.

பூங்காக் குளத்தில் ஞாயிறுதோறும் சிலர் ரிமோட் படகு விடுவார்கள். வேடிக்கை பார்க்கப் போனவள், அடுத்த மாதமே சொந்தமாக ஒன்று கட்டத் தொடங்கினாள். மோட்டார், ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட உறிஞ்சு பம்பிலிருந்து கழற்றியது. உள்ளே கரித்துண்டுகள் உரசி ஓடுகிற பழைய வகை. படகுக்காரர்களில் மூத்தவர் ஒருவர். எல்லோரும் அவரைத் தாடி என்றே கூப்பிடுவார்கள்.

"இந்த மோட்டாரை வெச்சா உங்க படகு குளத்தையே இழுத்துட்டுப் போயிரும் சிஸ்டர்."

"போகட்டும். நீங்க தரையில நின்னு மீன் பிடிங்க."

ஸ்பீடு கன்ட்ரோலர் பார்ப்பது என் பங்கு. நான் மின் பொறியாளர். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து, ரிமோட்டின் குச்சியைத் தள்ளுகிற அளவுக்கு மின்சாரத்தை விடுகிற சின்னப் பெட்டி அது. சும்மா ஓடும்போது மோட்டார் கேட்கிற மின்சாரத்தை நம்பி வாங்கக் கூடாது. பாசி சுற்றி விசிறி நின்றுவிட்டால் பல மடங்கு கேட்கும், பெட்டி புகைந்துவிடும். எனவே மோட்டாரை நிறுத்திப் பிடித்து அளக்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரி இடுக்கியால் மோட்டாரின் சுழல்தண்டைக் கவ்வினாள். "சீக்கிரம் பாருடி, இது முரட்டு பேஷண்ட்."

முதலில் வாங்கியது கார் பொம்மைக்கானது. குச்சியைப் பின்னால் இழுத்தால் முதலில் பிரேக், விட்டு மறுபடி இழுத்தால்தான் ரிவர்ஸ். தண்ணீரில் பிரேக் ஏது? படகு நேரே போய்க் கரையில் முட்டியது.

அடுத்தது படகுக்கென்றே செய்தது. சொன்ன நொடியில் முன்னே, சொன்ன நொடியில் பின்னே. அந்தத் துல்லியமே வினையாகிவிட்டது. குளத்தோரம் ஒரு பலகை மிதக்கும். இடிக்காமல் படகை அதில் அணைப்பதுதான் அங்கே பரீட்சை. அம்மா பலகையை நெருங்கி வேகத்தைக் குறைத்தாள். படகு நடுங்கியது. முன்னே ஒரு வெட்டு, பின்னே ஒரு வெட்டு, சுற்றிலும் சிற்றலை. தாடி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.

"என் கை தண்ணியில தெரியுதுடி" என்றாள் அம்மா.

வீட்டில் ரிமோட்டை அலமாரிக்குள் வைத்தாள்.

"நான் ஓட்டுறேன்மா. நீ பக்கத்துல இருந்து சொல்லு."

"நீ ஊட்டிவிடுற நாளும் வரும். அதுவரைக்கும் நானே சாப்பிடுறேன். அந்தப் பலகையில நான் நிறுத்தணும். ஒரு தடவையாவது."

மூன்றாவதைத் தேடினேன். குச்சியின் நடுநிலையைச் சுற்றி எல்லாக் கன்ட்ரோலரிலும் ஒரு சிறு இடைவெளி உண்டு. அதற்குள் குச்சி எப்படி ஆடினாலும் மோட்டார் கண்டுகொள்ளாது. அந்த இடைவெளியை அகலமாக்கிக்கொள்ளும் வசதியோடு ஒன்று கிடைத்தது. ஏமாற்று வேலை என்பாளோ என்ற பயத்தோடுதான் விளக்கினேன்.

கொஞ்சம் யோசித்தாள். "பரவாயில்ல. இதுல யாருக்கும் ஊசி போடப் போறதில்லையே."

படகு நடுங்குவது நின்றது. ஆனால் குச்சி அந்த இடைவெளியைத் தாண்டி வருவதற்குள் ரிவர்ஸ் தாமதமாகி, பலகையில் இடித்தது. "முன்கூட்டியே நினைக்கணும் போல" என்றாள். வாராவாரம் பழகினாள். நோயும் வாராவாரம் ஏறியது. நான் இடைவெளியை அகலமாக்கிக்கொண்டே போனேன், இனி அகலமாகாது என்கிற எல்லைவரை.

அவளால் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போன பிறகு ஒரு ஞாயிறு. சக்கர நாற்காலி, மடியில் ரிமோட். பலகை வெகு தூரத்தில் இருக்கும்போதே குச்சியைப் பின்னால் இழுத்தாள். அவசரப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன். படகு வேகம் அடங்கி, சோம்பலாக நகர்ந்து, பலகையைத் தொட்டு நின்றது. பலகைமேல் ஊர்ந்த எறும்புகூடத் திரும்பிப் பார்த்திருக்காது.

அம்மா தாடியைப் பார்த்தாள். "குத்துனது தெரிஞ்சுதா?"

"தெரியவே இல்ல சிஸ்டர்."

மழைக்காலத்தில் போய்விட்டாள்.

போன வாரம் தாடி போன் செய்தார். "படகைக் கொண்டு வாம்மா. பாவம், அதுவும் வீட்டுக்குள்ளயே கெடக்கு."

எதையும் மாற்றாமல் கொண்டுபோனேன். குச்சியைத் தள்ளினேன். படகு அசையவில்லை. இன்னும் தள்ளினேன். குச்சி பாதித் தூரம் வெறுமனே போனது. இவ்வளவு தூரம் ஆடியிருக்கிறது அவள் கை. அளவை வைத்தவள் நான்தான். விரலுக்கு இப்போதுதான் தெரிந்தது.

பலகையில் இடித்தேன். சாயம் பெயர்ந்தது. திருப்பிக் கொண்டுவந்து மறுபடியும் இடித்தேன். என் கையில் நடுக்கம் இல்லை.

"அந்த செட்டிங்கை மாத்திக்கயேன்மா" என்றார் தாடி.

"அப்புறம் பாக்கலாம்."

மூன்றாம் முறை அவளைப் போலவே வெகு தூரத்தில் இழுத்தேன். படகு பலகைக்கு வந்து சேராமலே தண்ணீரில் நின்றுவிட்டது.