நடுச்சுவர்

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் லெட்சுமி தன் அக்காளைக் கடைசிவரை பார்க்கவில்லை.

காரணங்களை முதலில் அடுக்கினால் நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள்... அதனால் குற்றத்தை முன்னால் வைத்தேன்.

மலேசியாவில், ஈஜோக் அருகே செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது எங்கள் லயம், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். தோட்டத்தை வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனி, எங்களைக் காலிசெய்யச் சொல்லி வழக்குப் போட்டது. ஆறு வீடுகளில் இரண்டு பூட்டிக் கிடந்தன. ஆளில்லாத வீடு என்று ஒரே காலையில் கூரைத் தகரத்தைப் பிரித்து இடித்துவிட்டார்கள். மீதி நான்கு. அதில் ஒன்றில் மனைவியை இழந்த நான். என் வீட்டுக்கும் லெட்சுமி வீட்டுக்கும் ஒரே கூரை. நடுவில் ஒரே சுவர். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவளும் தனியாகத்தான் இருக்கிறாள்.

நான் இந்தத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். படித்தவன் என்பதால் எல்லோருக்காகவும் வழக்கறிஞரிடம் நான்தான் பேசுவேன்.

லெட்சுமியின் அக்காள் குடியுரிமை கிடைக்காமல், புருஷனோடு நாமக்கல் பக்கம் கப்பலேறிப் போனவள். அப்போது லெட்சுமிக்குப் பன்னிரண்டு வயது. பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. போன வருடம் அக்காள் படுக்கையில் விழுந்தாள்.

“கிராணியாரே, கேஸ் நடக்கையில நான் வெளிநாடு போவலாமா? லாயர்கிட்ட கேட்டுச் சொல்லுங்கலா. ஒரு மாசந்தான்” என்றாள் லெட்சுமி.

கேட்டேன். வழக்கறிஞர் சிரித்தார்.

“இது சிவில் வழக்குங்கய்யா, யாரும் தடுக்க மாட்டாங்க. போற தேதிய மட்டும் எனக்குச் சொல்லிடுங்க. அந்த ஒரு மாசம் நீங்க அவங்க வீட்டுல லைட்டப் போட்டு, வாசலக் கூட்டி வைங்க. போதும்.”

பேருந்தில் திரும்பும்போது எண்ணத் தொடங்கினேன். எண்ணுவது என் நோய். முப்பது நாள்... கம்பெனி ஆள் வந்து அவளைக் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். நான் தடுமாறினால் அவள் பாதியைப் பிரிப்பான். அந்தப் பாதி போனால் என் பாதி எத்தனை நாள் நிற்கும்?

லெட்சுமி வாசற்படியில் காத்திருந்தாள்.

“போக முடியாது லெட்சுமி. கேஸ்ல பேரு இருக்கு. ஏர்போட்டுலயே நிறுத்திடுவான்” என்றேன்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. எப்படிப் பேசுவாள்? ஒரு அடையாள அட்டை இல்லாமல் அக்காளை இழந்த குடும்பம் அது. அரசாங்க முத்திரை என்றால் அவர்கள் எப்படி நடுங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும்... தெரிந்துதான் சொன்னேன்.

மூன்று மாதத்தில் அக்காள் இறந்துபோனாள். சடங்கைக் கைப்பேசியில் பார்த்து லெட்சுமி அழுதாள். அந்தச் சுவர் அவ்வளவு தடிமன் இல்லை.

அதோடு நின்றேனா? இல்லை. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் என் மகன், பேத்திக்குக் கல்யாணம் என்று அழைத்தான். போகாமல் இருக்க மனம் கேட்கவில்லை. என் மனம் கேட்காது என்றால், அவள் மனம் மட்டும் எப்படிக் கேட்டிருக்கும்?

“ஒங்கள விட்டுருவானா, கிராணியாரே?” என்றாள்.

“லாயர் தனியா அனுமதி வாங்கிக் குடுத்தாரு.”

அது இரண்டாவது பொய். அவள் முகம் மலர்ந்தது.

“அப்ப நிம்மதியா போயிட்டு வாங்க. சாவியக் குடுங்க, வீட்ட நான் பாத்துக்கறேன்.”

விமான நிலையத்தில் கடப்பிதழை இயந்திரத்தில் வைத்தேன். தடுப்புக் கதவு தானாகத் திறந்தது. ஒருவரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாராவது நிறுத்தமாட்டார்களா என்று ஒரு கணம் ஏங்கினேன்... நம்புவீர்களா?

திரும்பி வந்தபோது என் வாசல் கூட்டிச் சுத்தமாக இருந்தது. கொடியில் என் சட்டைகள் இரண்டு தொங்கின.

“தெனம் லைட்டப் போட்டேன். கம்பெனிக்காரன் வந்து, பெருசு எங்கன்னான். உள்ள தூங்குது, எழுப்பினா திட்டும், நீயே எழுப்பிக்கன்னேன். ஓடிட்டான்லா! சட்டையக்கூட நனைச்சு நனைச்சுக் காயப்போட்டேன்” என்று சிரித்தாள்.

பிறகு, சாவியை நீட்டியபடி மெதுவாகக் கேட்டாள்: “எனக்கும் அந்த அனுமதிய வாங்கியிருக்க முடியாதா, கிராணியாரே?”

“அப்ப அது இல்ல” என்றேன். மூன்று.

வழக்கு இன்னும் முடியவில்லை. சுவர் நிற்கிறது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். சொன்னால் அவள் தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவாளோ, அந்தப் பாதி காலியாகிவிடுமோ... பாருங்கள், இன்னும் அதே கணக்கு!

பொழுது சாய்ந்ததும் அவள் சுவரைத் தட்டுகிறாள்.

“கிராணியாரே, சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்” என்கிறேன். பல நாள் அதுவும் பொய்தான்.